மின்ஜி வீட்டுக்கு வெண்டைக்காய்: கொரியாவில் எங்கள் முதல் ஐந்து வாரம்

கொரியாவுக்குக் குடும்பத்தோடு போனால் சமாளிக்க முடியுமா என்று இந்த இரண்டு மாதத்தில் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். ஏழு பேருமே ஒரகடம், படப்பைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் மனைவிகள். கணவரைப் பயிற்சிக்கு என்று ஆறு மாதமோ ஒரு வருடமோ அனுப்புகிறார்கள். கூடப் போவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிக்கொண்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பனி, செர்ரிப் பூ, சீரியல் எடுத்த இடம் எதுவும் இதில் இருக்காது. அதற்கெல்லாம் ஆயிரம் வீடியோ இருக்கிறது.

என் வீடு பெருங்களத்தூரில். முடிச்சூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவர் பிரபு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். போன வருடம் ஜூலையில் அவரை சொனான் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். மேப்பில் பார்த்தால் சியோனான் என்று படிக்கத் தோன்றும், அங்கே போய் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. அக்டோபரில் கம்பெனி குடும்ப வீடு ஒதுக்கியது. அதற்குள் எங்கள் ஐந்து வயது மகள் யாழினி, வீடியோ காலில் வரும் அப்பாவின் வாய்க்கு இட்லி ஊட்ட ஆரம்பித்திருந்தாள். போன் திரையெல்லாம் சட்னி. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் போட்டேன்.

கிளம்பியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அந்த நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருங்களத்தூரிலிருந்து விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர், மற்ற நாளில் முப்பது நிமிடம். அன்று ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. கேப் கட்டணம் 540 ரூபாய்.

"இன்னாக்கா, ஊரே அந்தாண்ட போய்க்கினு கீது, நீங்க மட்டும் இந்தாண்ட வர்றீங்க?" என்றார் ஓட்டுநர்.

கொரியா என்றேன். கண்ணாடியில் யாழினியைப் பார்த்தார். "பாப்பா, அங்க குளிரு பேஜாரா இருக்குமாமே, சொட்டர் எடுத்துக்கினியா?" என்று கேட்டார். அவள் ஸ்வெட்டரைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் நாலு மணி நேரம், இடையில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, அடுத்தது ஆறரை மணி நேரம். இன்சோன் விமான நிலையத்தில் மறுநாள் மாலை நாலரைக்கு இறங்கினோம். அங்கிருந்து சொனானுக்கு நேரடி பஸ் இருக்கிறது. ஒருவருக்கு 18,400 வோன், இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ஆயிரம் வோன் என்றால் அப்போது அறுபது ரூபாய் சொச்சம், மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முப்பது பேர் இருந்தும் ஒருவர் வாய் திறக்கவில்லை. யாழினி "அம்மா, எல்லாரும் கோபமா இருக்காங்களா?" என்று கேட்டதுதான் அந்தப் பயணத்தில் கேட்ட ஒரே குரல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடு பதினைந்து மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. லிஃப்டில் மூன்றுக்கு அடுத்து நாலு இல்லை, அந்த இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அவர்கள் மொழியில் நாலும் சாவும் ஒரே உச்சரிப்பாம். எட்டாம் நம்பர் வீடு வேண்டாம் என்று வாடகை குறைத்துக் கேட்கிற ஆட்கள் நம் ஊரிலும் உண்டு, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. முதல் நாள் காலை அதிர்ந்து போனது வேறு விஷயத்துக்கு. சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது கூரையிலிருந்து ஒரு ஆண் குரல் பேச ஆரம்பித்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், அபார்ட்மெண்ட் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வரும், அதை அணைக்கவும் முடியாது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம், குப்பையைச் சரியாகப் பிரியுங்கள், மேல்வீட்டுக்காரர்கள் சத்தம் போடாதீர்கள் என்று வாரத்துக்கு நாலு முறை.

குப்பை தனிப் படிப்பு. சாப்பாட்டுக் கழிவைக் கீழே ஒரு பெட்டியில் கொட்ட வேண்டும், கார்டு காட்டினால் மூடி திறக்கும், எடை போட்டுக் காசு பிடிக்கும். முருங்கைக்காய்ச் சக்கையை அதில் போடலாமா கூடாதா என்று பிரபுவும் நானும் இருபது நிமிடம் வாதாடினோம். முட்டை ஓடும் எலும்பும் சாப்பாட்டுக் கழிவு கிடையாது, மாடு தின்ன முடியாதது எல்லாம் வேறு பை என்று ஒரு கணக்கு சொன்னார்கள். எங்கள் ஊர் மாடு போஸ்டரே தின்னும் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பழகியதாக இருந்தவையும் உண்டு. எந்தச் சின்ன உணவகத்துக்குப் போனாலும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைப்பார்கள். தொட்டுக்கொள்ள வைத்தது தீர்ந்தால் கேட்காமலே இன்னொரு கிண்ணம் வரும், அதற்குக் காசில்லை. மூன்று சாம்பார் வாங்கிப் பழகிய நமக்கு இது போதும். வீட்டுக்குள் செருப்பு கிடையாது. பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பெண்களைப் பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு அவர்கள் சொல் 'ஒம்மா'. நான் ஒரே வாரத்தில் யாழினி ஒம்மா ஆகிவிட்டேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவர் மின்ஜி ஒம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும், வட்டக் கண்ணாடி, எப்போதும் ஏப்ரன். மகள் மின்ஜி பள்ளிக் கடைசி வருடம். எங்கள் கதை முழுக்க இந்த வீட்டோடுதான்.

பெருங்களத்தூரில் எனக்கு மேல்வீட்டில் காலை ஐந்தரைக்குக் கிரைண்டர் ஓடும், கட்டிலை இழுப்பார்கள், பையன் கோலிக்குண்டு உருட்டுவான். ஏதோ ஒரு நாள் படிக்கட்டில் பார்க்கும்போது "என்னங்க, நேத்து வீடு மாத்தினீங்களா?" என்று கேட்பேன், அவர்கள் சிரிப்பார்கள், அத்தோடு சரி. அங்கே அது போலீஸ் வரைக்கும் போகிற விஷயம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாழினி வேறு மூன்று மாதம் கழித்து அப்பாவைப் பார்த்த குஷியில் இருந்தாள். சாயங்காலம் பூட்டில் நம்பர் அழுத்தும் சத்தம் கேட்டதும் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வாசல் வரை ஒரே ஓட்டம். தினமும் ஓட்டம், தினமும் குதிப்பு. இரண்டாவது வாரமே அலுவலகத்தில் புகார் பதிவானது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் அதைத் தண்ணீர்த் தொட்டி சமாச்சாரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன், அதுவும் தவறான பையில்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு மின்ஜி ஒம்மாவே வந்துவிட்டார். கையில் போன், அதில் மொழிபெயர்க்கும் ஆப். அவர் பேசினார், போன் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது: "வணக்கம். நான் கீழே வாழ்கிறேன். அடுத்த வியாழக்கிழமை என் மகளுக்குப் பெரிய தேர்வு. மாலை நேரத்தில் குழந்தை ஓடாமல் இருக்க இயலுமா?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. வருடம் முழுக்கப் பொதுத்தேர்வுப் பிள்ளைகளோடு கிடப்பவள் நான், என்னிடம் போய் இதைக் கேட்க வேண்டுமா? அதைச் சொல்லும் விதமாகத் தலையை ஆட்டினேன். நம் ஆட்டல்தான், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் மெதுவாக அதையே மறுபடி கேட்டார். நான் இன்னும் பலமாக, கண்ணை மூடி, மனதார ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகம் இறுகியது. போன் "புரிந்தது" என்றது. குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு மரியாதையான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிரபு வேலையிலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை.

"கீழ்வீட்டம்மா நேர்லயே வந்து கேட்டாங்களாமே, நீ முடியாதுன்னுட்டியாமே?"

"யாரு, நானா? சரின்னுதானேங்க சொன்னேன்!"

"எப்படிச் சொன்ன? சொல்லிக் காட்டு."

ஆட்டிக் காட்டினேன். அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இங்க இப்படி ஆட்டினா இல்லைன்னு அர்த்தம். முதல் வாரம் நானும் லைன்ல இப்படித்தான் ஆட்டினேன், மெஷினையே நிறுத்திட்டாங்க" என்றார். சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது புகார் பதிவாகிவிட்டது. மூன்றாவது வந்தால் கம்பெனி வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று வீடு ஒதுக்கும் அதிகாரி சொல்லியிருக்கிறார். "நான் ஆம்பளைங்க ஹாஸ்டலுக்கு. நீங்க ரெண்டு பேரும் பெருங்களத்தூருக்கு."

உள்ளே யாழினி அப்பாவின் ஷூவுக்குள் கால் விட்டு நடந்துகொண்டிருந்தாள். அன்றிரவு அவளிடம் விரல் நுனியில் நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். 'பூனை விளையாட்டு' என்று பொய் சொன்னேன். நல்ல பிள்ளை, உடனே பிடித்துக்கொண்டாள்.

போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கம்பெனி மூலமாகச் சொல்லியாகிவிட்டது, நீ போய்க் குட்டையைக் குழப்பாதே என்றார் பிரபு. நான் சும்மா இருக்கிற ஜாதியில்லை. ஒரு பிள்ளை பரீட்சை எழுதப் போகிறது, அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வேன்? வெண்டைக்காய்.

கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இதை நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை. ஆனால் கணக்குப் பரீட்சை அன்று என் பள்ளிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்களைத் திறந்தால் பாதியில் வெண்டைக்காய்தான் இருக்கும். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லித்தான் என் அம்மாவும் எனக்குச் செய்து போட்டாள். நான் கணக்கு டீச்சராகவே ஆகிவிட்டேன், வேறு என்ன சாட்சி வேண்டும்.

சொனான் கடைகளில் வெண்டைக்காய் கிடைக்கவில்லை. ஆன்சான் என்ற ஊருக்குப் போக வேண்டும், வெளிநாட்டுத் தொழிலாளிகள் நிறைய இருக்கும் ஊர். சனிக்கிழமை காலை 9.12க்கு சொனானில் ஒன்றாம் லைன் ரயில் ஏறினேன். கும்ஜோங் என்ற ஸ்டேஷனில் இறங்கி அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்பக்கம் நாலாம் லைன் மாற வேண்டும், படி ஏறி இறங்க வேண்டாம். 10.58க்கு ஆன்சான். எழுபது கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழத் தாம்பரத்திலிருந்து மேல்மருவத்தூர் போகிற தூரம், கட்டணம் கார்டில் 2,750 வோன். ஐந்து வயதுக் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ரயில் நம் பீச் லோக்கல் மாதிரி நீளவாக்கில் இருக்கை போட்டது. சுண்டல் வராது, பாட்டு வராது. பெரியவர்களுக்கான ஓர இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் உட்காராதீர்கள், யாரும் உட்காருவதில்லை.

ஆன்சானில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஷபானாக்கா. நம் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர்க்காரர், கல்யாணமாகி ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார். பிரபுவின் நண்பர்கள் எல்லோருக்கும் கறிவேப்பிலை அவர் கையால்தான். வீட்டுக்கு வெளியே நம் பேச்சைக் கேட்டு ஒரு மாதமாகியிருந்த எனக்கு அந்தக் கடையில் நின்றதே பாதி நோய் போனதுபோல் இருந்தது.

"வா டீச்சரே! இன்னா வோணும்? இட்லி ரவை வந்துக்கீது, பெருங்காயம் கீது."

வெண்டைக்காய் என்றேன். உறைய வைத்ததுதான் இருந்தது, நானூறு கிராம் 3,500 வோன். இரண்டு பாக்கெட் எடுத்தேன். "பாப்பாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமைத்தேன். உறைய வைத்த வெண்டைக்காயை எவ்வளவு வதக்கினாலும் அந்தக் கொழகொழப்பு போகாது, இது எனக்குத் தெரியாது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வந்தது. சரி, தயிரில் போட்டுப் பச்சடியாக்கிவிடலாம் என்று போட்டேன். இன்னும் வழவழப்பானது. டப்பாவில் அடைத்து, நாலாவது மாடிக்கு இறங்கி, இரண்டு கையாலும் நீட்டினேன். தலையை ஆட்டவில்லை, கழுத்தைக் கட்டையாக வைத்துக்கொண்டேன். போனில் தமிழில் பேசினேன்: "உங்கள் மகளுக்காகச் செய்தேன். பரீட்சைக்கு நல்லது. நன்றாக வழுக்கிக்கொண்டு போகும், கவலைப்படாதீர்கள்."

போன் கொரிய மொழியில் சொன்னது. மின்ஜி ஒம்மா டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். அவர் பின்னால் மின்ஜி நின்றுகொண்டிருந்தாள், ஒல்லியாக, தலைமுடியைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருந்தாள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நன்றி சொல்லாமல் கதவு சாத்தியதை அந்த நாட்டில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மேலே வந்து ஷபானாக்காவுக்குப் போன் போட்டேன். அவர் முழுதும் கேட்டார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? இங்க பரீட்சை பாஸானா 'ஒட்டிக்கிச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. பெயிலானா 'வழுக்கிடுச்சு'ம்பாங்க. அதுக்குன்னே பரீட்சைக்கு முன்னாடி ஜவ்வு மிட்டாயும் ஒட்டுற மாவுருண்டையும் குடுப்பாங்க. கடல்பாசி சூப்பு கூட வழவழன்னு கீதுன்னு அந்த மாசமே வூட்ல வைக்க மாட்டாங்க. நீ போய் தயிர்ல வெண்டைக்காய் போட்டு, நல்லா வழுக்கட்டும்னு வாழ்த்திட்டு வந்துக்கீற!"

"அக்கா, எனக்கு எப்படிக்கா தெரியும்..."

"அது சாதா பரீட்சை இல்ல டீச்சரே. வருசத்துக்கு ஒருக்கா. அன்னிக்கு ஆபீஸெல்லாம் லேட்டா திறப்பாங்க, லேட்டான புள்ளைங்கள போலீஸு வண்டில கொண்டுபோய் வுடுவாங்க. காதால கேட்டு எழுதுற நேரத்துல பிளேனையே பறக்க வுட மாட்டாங்க. நான் பப்ளிக் எக்ஸாம் எழுதசொல்ல பொழிச்சலூர்ல தலைக்கு மேல எத்தினி பிளேன் போச்சு, எவன் நிறுத்தினான்?"

அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. இனி எதுவும் கொண்டுபோய்க் கொடுக்காதே, பேசாதே, நாலு நாளைக்குக் கீழே அந்த வீட்டுக்கு ஒரு சத்தம் போகாமல் பார்த்துக்கொள் என்றார். கடைசி வாரம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்து வீட்டில்தான் படிக்குமாம்.

ஐந்து வயதுக் குழந்தையை எத்தனை மணி நேரம் பூனையாக வைத்திருக்க முடியும்? அதனால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். போக இடமில்லை. வெளியில் மூன்று டிகிரி. ரயிலில் சூடு உண்டு, அதனால் ரயில். ஒன்றாம் லைனின் கடைசி ஸ்டேஷன் சின்சாங், சொனானிலிருந்து அரை மணிக்குக் குறைவு. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சுற்றுலாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் ஓன்யாங் ஸ்டேஷன் வாசலில் வெந்நீர் ஊற்றில் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறது, இலவசம். திங்களன்று மூடியிருந்தது, செவ்வாயன்று திறந்திருந்தது. துண்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். எட்டே முக்காலுக்குத் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அந்த வாரம் ஓவர்டைம் முடித்து பிரபு ஒன்பது மணிக்கு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அப்பாவோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்த குழந்தை மூன்று நாள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை கிளம்பும்போது லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. மின்ஜி ஒம்மா ஏறினார். யாழினிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அவளையும், என் தோளில் தொங்கிய துண்டையும், வாட்டர் பாட்டிலையும் பார்த்தார். நாங்கள் இருவரும் நம்பர் குறைவதையே பார்த்துக்கொண்டு கீழே வந்தோம். மூன்றாவது புகாரை எழுதத்தான் அலுவலகம் போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம்தான் நடந்தார்.

வியாழன் மாலைக்கு முன்னால், போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் எழுத வராது. போன உடனே கன்வீனியன்ஸ் கடையில் ரயில் கார்டு வாங்குங்கள், பஸ்ஸுக்கும் அதுவேதான். தரையில் விரிக்கும் தடித்த பாய் கிடைக்கும், இரண்டு அங்குலம் இருக்கும், குழந்தை இருந்தால் முதல் சம்பளத்தில் அதை வாங்குங்கள். ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு மளிகை கொண்டுபோனால் போதும், மிச்சத்துக்கு ஆன்சான் இருக்கிறது. கதவில் ஒட்டும் தாளை எல்லாம் போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். 'நே' என்றால் ஆமாம். அதை வாயால் சொல்லுங்கள், தலையை அந்த நேரத்தில் சும்மா வைத்திருங்கள். முடியாது என்றுதான் நினைப்பீர்கள், நானும் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். ஆப்பிடம் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், வழுக்குகிற சொல் எதுவும் வேண்டாம்.

பரீட்சை வியாழனன்று நான் எங்கேயும் போகவில்லை, மின்ஜி வீட்டில் இல்லையே. மதியம் ஒரு மணி வாக்கில் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு விமானம் இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்த பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுதிவிட வேண்டும், வீடும் போகக்கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் வேண்டினேன், பொய் சொல்வானேன்.

சாயங்காலம் ஆறரைக்கு மணி அடித்தது. பிரபு அன்று சீக்கிரம் வந்திருந்தார், அவர்தான் திறந்தார். மின்ஜியும் அவள் அம்மாவும் நின்றார்கள். மின்ஜி கையில் என் டப்பா. கழுவி, அதில் வெள்ளையாக மாவுருண்டை அடுக்கியிருந்தது. மின்ஜி போனில் பேசினாள், அது தமிழில் சொன்னது: "உணவைக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்தோம். இன்று தேர்வு முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இனி வழுக்கினாலும் பரவாயில்லை."

பிரபு சிரித்தார். நான் சிரிப்பதா என்று தெரியாமல் "நே" என்றேன். கணக்கு எப்படி என்று கையால் எழுதிக் காட்டிக் கேட்டேன். மின்ஜி உதட்டைப் பிதுக்கி, பிறகு கட்டைவிரலைக் கொஞ்சம் மட்டும் தூக்கினாள்.

மின்ஜி ஒம்மா போனை வாங்கினார். மெதுவாகப் பேசினார். "மூன்று நாட்கள் குளிரில் குழந்தையை எங்கே அழைத்துச் சென்றீர்கள்?"

"ரயில்ல," என்றேன். போன் அதை ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தது. அவர் மீதிக்குக் காத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தார். நேற்றே அலுவலகத்துக்குப் போய் இரண்டு புகாரையும் திரும்ப வாங்கிவிட்டதாகப் போன் சொன்னது. அப்புறம் அவர் ஹாலுக்குள் யாழினியைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"குழந்தை ஓடட்டும்," என்றது போன்.

யாழினி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஆட்கள் வந்ததும் பழக்கத்தில் குதிகாலைத் தூக்கிக்கொண்டாள். நான் "ஓடு யாழி" என்றேன். அவள் அசையவில்லை. எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பூனை விளையாட்டு முடிஞ்சிடுச்சாம்மா?" என்று காதோடு பேசுவதுபோல் கேட்டாள். ஒன்பது நாளில் என் பிள்ளையை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "முடிஞ்சிடுச்சுடி. ஓடு" என்றேன்.

ஜன்னலோரம் வரை விரல் நுனியில் நடந்து போனாள். அங்கே திரும்பி நின்று குதிகாலைத் தரையில் வைத்தாள். பிரபு வாசலில் மண்டியிட்டுக் கையை விரித்தார். அவள் அப்பாவை நோக்கி ஓடி வந்தாள், தடதடவென்று, கண்ணாடி டம்ளர்கள் அதிர.